கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்

"இப்படியே பண்ணிக்கிட்டிருந்தா கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். தலையில கரண்ட் வெச்சாத்தான் நீ சரிப்படுவே!"

சென்னையில் வளர்ந்தவர்கள் இதைக் காதில் வாங்காமல் பள்ளிப்படிப்பை முடித்திருக்க மாட்டார்கள். அடங்காத மகனை அப்பா இப்படி மிரட்டுவார். கொஞ்சம் விலகி நடக்கும் மாணவனை வகுப்புத் தோழர்கள் இப்படிக் கேலி செய்வார்கள். 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருந்துவரும் மனநல மருத்துவமனையின் பெயர் வசவாகிப் போனது. மருத்துவம் கண்ட ஒரு சிகிச்சையின் பெயர் மிரட்டலாகிப் போனது.

மருத்துவர்கள் அதை மின்வலிப்பு சிகிச்சை என்பார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சில் இ.சி.டி. ஊரார் வாயில் ஷாக். நெற்றிப்பொட்டில் மின்முனைகளை வைத்து, சில நொடிகள் அளந்த மின்சாரத்தைச் செலுத்தி, மூளையில் ஒரு வலிப்பை எழுப்புவதுதான் அது. நோயைத் தணிப்பது அந்த வலிப்பு. மின்சாரம் அதற்கு ஒரு தீக்குச்சி மட்டுமே. 80 ஆண்டுகளுக்கு மேலாக இந்த அடிப்படை மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது. எவ்வளவு மாறியது என்று அறிய இயந்திரத்தைப் பார்க்க வேண்டாம். கட்டிலைச் சுற்றி அன்று யார் நின்றார்கள், இன்று யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். கட்டிலில் கிடப்பது ஒரு பதின்வயதுப் பிள்ளை என்றால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும்.

கற்பூரத்தில் தொடங்கிய கதை

1934 ஜனவரி, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரம். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்று குடியிருக்கும் மூளையில் மற்றது தங்காது என்று லாடிஸ்லாஸ் மெடுனா என்ற மருத்துவர் நம்பினார். அந்த நம்பிக்கை தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதை வைத்துத்தான், ஆண்டுக்கணக்கில் அசையாமல் பேசாமல் கிடந்த ஒருவருக்கு எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசியாகப் போட்டு வலிப்பை வரவழைத்தார். அவர் எழுந்து பேசத் தொடங்கினார் என்று பின்னாளில் எழுதினார் மெடுனா.

கற்பூரமும், அதற்குப் பிறகு வந்த மெட்ரசால் என்ற மருந்தும், வலிப்பு வருவதற்கு முந்தைய நிமிடங்களில் நோயாளியைப் பெரும் அச்சத்தில் தள்ளின. ரோம் நகரத்தில் உகோ செர்லெட்டியும் லூசியோ பினியும் மின்சாரத்தின் பக்கம் திரும்பினார்கள். மின்சாரம் பட்ட மறுகணமே நினைவு போய்விடும் என்பதால் அது இரக்கமான வழி என்று கருதினார்கள். நகரத்தின் இறைச்சிக் கூடத்தில் பன்றிகளுக்குத் தலையில் மின்சாரம் வைப்பதை செர்லெட்டி போய்ப் பார்த்தார். அவை மின்சாரத்தால் சாகவில்லை, வலிப்பு வந்து மயங்கின என்று கண்ட பிறகே மனிதரிடம் வந்தார். 1938 ஏப்ரலில் முதல் சிகிச்சை நடந்தது. ரயில் நிலையத்தில் திக்குத் தெரியாமல் திரிந்துகொண்டிருந்த ஒருவரைக் காவல்துறை கொண்டுவந்து சேர்த்திருந்தது. அவர் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் மருத்துவர்கள். அவருக்காகப் பேச உறவென்று எவரும் இல்லை. அவரிடம் சம்மதம் கேட்கும் வழக்கமும் அன்று இல்லை.

மனநோய்க்கென்று உருப்படியான மாத்திரை ஒன்றுகூட இல்லாத காலம் அது. குளோர்ப்ரோமசின் வந்ததே 1952-ல்தான். ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்திருந்த மருத்துவமனைகள் இந்தப் பெட்டியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டதில் வியப்பில்லை.

பிடித்துக்கொள்ள நான்கு பேர்

அன்றைய அறையில் மயக்க மருந்து கிடையாது. பல்லுக்கு இடையில் ஒரு ரப்பர் துண்டு. தோளை ஒருவர் அழுத்த, இடுப்பை ஒருவர் பிடிக்க, கால்களை இன்னும் இருவர் அமுக்கிக்கொள்ள வேண்டும். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வேகத்தில் முதுகெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. தோள் நழுவியவர்கள் உண்டு.

தசைகளைத் தளர்த்தினால் எலும்பு தப்பும் என்று 1940-லேயே கியூராரே என்ற அம்பு விஷத்தைக் கொண்டு ஏ.இ.பென்னட் காட்டினார். 1950-களில் சக்ஸினைல்கோலின் என்ற பாதுகாப்பான மருந்தும் சிறு மயக்கமும் சேர்ந்துகொண்டன. வழி தெரிந்துவிட்டது. ஆனால் மயக்க மருத்துவர் அரிதாகக் கிடைத்த ஊர்களில் பழைய முறையே பல பத்தாண்டுகள் நீடித்தது. நம் நாடும் அதில் அடக்கம். மயக்கமின்றித் தந்த இ.சி.டி. பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தங்கள் சொந்தப் பதிவேடுகளையே புரட்டி, 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1980-களில் 1,800-க்கும் மேற்பட்டவர்களுக்கு 13,000 தடவைக்கு மேல் அப்படித் தந்திருந்ததையும், சிலருக்கு முதுகெலும்பு முறிந்ததையும் மறைக்காமல் எழுதினார்கள். தன் கையால் நேர்ந்ததைத் தானே எண்ணி எழுதும் அந்த நேர்மை, மாற்றத்தின் ஒரு பகுதி.

குழந்தைகள் வார்டு

பெரியவர்களுக்கு வந்த சிகிச்சை சிறியவர்களை அடைய அதிக ஆண்டுகள் ஆகவில்லை. பாரிஸில் ஜார்ஜ் ஊயேரின் குழு 1940-களின் தொடக்கத்திலேயே பதின்வயதினருக்குத் தந்தது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் லாரெட்டா பெண்டர் இன்னும் கீழே இறங்கினார். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட 98 குழந்தைகளுக்குத் தந்ததாக 1947-ல் எழுதினார். அவர்களில் நான்கு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு சுமார் 20 தடவை. அந்தக் குழந்தைகளுக்கெல்லாம் மனச்சிதைவு என்று பெயர் எழுதப்பட்டது. இன்று ஆட்டிசம் என்று நாம் அறிவதும் அந்தப் பெயருக்குள் அன்று அடங்கிக் கிடந்தது.

அந்த வார்டில் ஆறு வயதில் படுக்க வைக்கப்பட்டவர் டெட் சபாசின்ஸ்கி. வளர்ப்புப் பெற்றோரிடமிருந்து கொண்டுபோகப்பட்ட அவருடைய இளமை முழுவதும் மனநல மருத்துவமனைகளிலேயே கழிந்தது. வெளியே வந்து சட்டம் படித்தார். 1982-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் இ.சி.டி.யைத் தடை செய்யும் வாக்கெடுப்புக்குத் தலைமை ஏற்று வென்றார். நீதிமன்றம் பின்னர் அந்தத் தடையை ரத்துசெய்தது. ஆனால் ஆறு வயதில் வாய் திறந்து மறுக்க முடியாத பிள்ளை, வளர்ந்து வந்து ஒரு நகரத்தையே பேச வைத்தது என்பதை எந்தத் தீர்ப்பும் ரத்துசெய்ய முடியாது.

இன்னும் இரண்டு இளம்பெண்களின் கதையைச் சொல்ல வேண்டும். இருவரும் எழுத்தாளர்கள்.

நியூசிலாந்தின் ஜேனட் ஃப்ரேமுக்கு இருபதுகளின் தொடக்கத்தில் மனச்சிதைவு என்று எழுதினார்கள். எட்டு ஆண்டுகள் மருத்துவமனைகளில் கழிந்தன. சுமார் 200 தடவை ஷாக், மயக்கம் இல்லாமல். கடைசியில் மூளை அறுவைக்கே நாள் குறித்தாயிற்று. அப்போது அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்குப் பரிசு கிடைத்த செய்தி வந்தது, அறுவை நின்றது. பின்னாளில் லண்டன் மருத்துவர்கள் ஆராய்ந்து, அவருக்கு மனச்சிதைவு இருந்ததே இல்லை என்றார்கள்.

அமெரிக்காவின் சில்வியா பிளாத்துக்கு 1953-ல் வயது 20. கடும் மனச்சோர்வு. அந்தக் கோடையில், முறையான மயக்கமோ ஆறுதலாக ஒருவரோ இல்லாமல், வெளிநோயாளியாக அவருக்கு ஷாக் வைத்தார்கள். சில வாரங்களில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிழைத்து, மக்லீன் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கேயும் அதே சிகிச்சைதான். ஆனால் இம்முறை அவர் நம்பிய ஒரு பெண் மருத்துவர் உடன் இருந்தார். சில மாதங்களில் கல்லூரிக்குத் திரும்பினார். பின்னாளில் பிளாத் உயிரை மாய்த்துக்கொண்டார். அதனால் இந்தச் சிகிச்சை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரே பெண், ஒரே ஆண்டு, ஒரே சிகிச்சை. அருகில் நின்றவர் யார் என்பதில் அத்தனை வித்தியாசம் இருந்தது.

மறுபக்கம் சாய்ந்த தராசு

இத்தனை காயத்துக்குப் பிறகு எதிர்ப்பு எழாமல் இருக்குமா? 1975-ல் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' திரைப்படம் வந்தது. அடங்காதவனைத் தண்டிக்கும் கருவியாக அதில் ஷாக்கைப் பார்த்த உலகம் அந்தக் காட்சியை மறக்கவில்லை. நம் இந்தியப் படங்களும் அதையே திரும்பத் திரும்பக் காட்டின: கட்டப்பட்ட கைகள், அலறல், சிரிக்கும் வில்லன்.

சட்டங்களும் வந்தன. கலிஃபோர்னியா 1976-ல் 12 வயதுக்குக் கீழே அறவே கூடாது என்றது. 12 முதல் 15 வரை, உயிர் போகும் நிலையில், மூன்று குழந்தை மனநல மருத்துவர்கள் ஒருமனதாக ஒப்பினால் மட்டுமே தரலாம். டெக்சாஸ் 1993-ல் 16 வயதுக்குக் கீழே தடை செய்தது. சிறுவர்களுக்கு இதைச் சட்டத்தாலேயே தடுக்க வேண்டும் என்று 2005-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு ஒன்று சொன்னது.

பெல்வியூ வார்டை நினைத்தால் இந்தக் கோபம் நியாயம். ஆனால் தராசு முழுவதும் மறுபக்கம் சாய்ந்தால் அந்தத் தட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது.

இன்று அந்த அறையில்

பிளஸ் டூ படிக்கும் ஒரு மகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேச்சு குறைகிறது. பிறகு நின்ற இடத்திலேயே நிற்கிறாள். கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே இருக்கிறது. ஊட்டிய சோறு வாயிலேயே கிடக்கிறது. தண்ணீர் இறங்கவில்லை. காத்துக் கருப்பு என்கிறார்கள். ஒரு மண்டலம் குணசீலத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறார்கள். ஏர்வாடி தர்காவைச் சொல்கிறார்கள். சாமி கும்பிடுவதில் தவறில்லை. ஆனால் தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு ஒரு மண்டலம் காத்திருக்க நேரம் கிடையாது.

இந்த நிலைக்கு கேட்டடோனியா என்று பெயர். 1874-ல் ஜெர்மனியின் கால்பாம் இதை விவரித்தார். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறத் தொடங்கினால் உயிரையே பறிக்கும். இன்றைய நல்ல மருத்துவர் இங்கே எடுத்த எடுப்பில் மின்சாரத்தைத் தொடுவதில்லை. ரத்தம், ஸ்கேன், தேவையானால் முதுகுத் தண்டு நீர் எல்லாம் சோதிக்கப்படும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சியும் இப்படித்தான் தொடங்கும். 2007-ல்தான் அது அடையாளம் காணப்பட்டது, இளம்பெண்களை அதிகம் பிடிக்கும். அதற்கான சிகிச்சை வேறு. அது இல்லை என்றால் லோராசிபாம் ஊசி. பலர் அதிலேயே கண் திறந்து பேசிவிடுவார்கள். பேசாதவர்களுக்கு, உயிர் நழுவிக்கொண்டிருப்பவர்களுக்கு, இ.சி.டி.

இரவு முதல் வெறும் வயிறு. காலையில் சிரை வழியாக மயக்க மருந்து ஏறும், பிள்ளை தூங்கிவிடுவாள். தலைமாட்டில் மயக்க மருத்துவர் ஆக்சிஜன் முகமூடியோடு நிற்பார். தசைத் தளர்த்தி போகும் முன் ஒரு கணுக்காலுக்கு மேலே ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள், அந்த மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாதபடி. பற்களுக்கிடையே காப்பு. சில நொடி மின்சாரம், பழைய வீட்டு மின்சாரம் போன்ற தொடர் அலையாக இல்லாமல், மிகச் சிறு துடிப்புகளாக. அரை நிமிடம், ஒரு நிமிடம் மூளை வலிப்பில் இருக்கும். உடல் அசையாது, கட்டிய காலின் விரல்கள் மட்டும் துடிக்கும். அன்று நான்கு பேர் அமுக்கிப் பிடித்த வலிப்பு, இன்று ஒரு கால்விரலிலும் தாளில் ஓடும் மூளை அலைக் கோட்டிலும் மட்டுமே தெரிகிறது.

இளையோருக்குத் தனிக் கவனம் தேவை. அவர்களுக்குக் குறைந்த மின்சாரத்திலேயே வலிப்பு வரும், நீளவும் செய்யும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு தடவை வழக்கம். 2004-ல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர்களின் சங்கம் நெறிமுறை வகுத்தது. மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டிருக்க வேண்டும், சம்பந்தப்படாத இன்னொரு மனநல மருத்துவர் பார்த்து ஒப்ப வேண்டும், நினைவாற்றலைச் சிகிச்சைக்கு முன்னும், முடிந்ததும், சில மாதம் கழித்தும் சோதிக்க வேண்டும் என்றது. 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 13 வயது நிரம்பியவர்களுக்கு கேட்டடோனியாவிலும் தீவிர மனச்சோர்விலும் பயன்படுவதற்கு இந்தக் கருவிகளின் கட்டுப்பாட்டு வகையைத் தளர்த்தியது.

பலன் என்ன? ஆஸ்திரேலியாவின் ஜோசஃப் ரேயும் கேரி வால்டரும் 1997-ல் அரை நூற்றாண்டுப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 396 இளையோர். கேட்டடோனியாவிலும் பித்துநிலையிலும் 80 சதவீதம், மனச்சோர்வில் 63, மனச்சிதைவில் 42 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிக் குறிப்புகள். கட்டுப்பாடான ஒப்பீட்டுச் சோதனைகள் அல்ல என்பதையும் அவர்களே சொன்னார்கள். பிரான்சில் 2000-ல் வந்த ஆய்வு ஒன்று, சிகிச்சை பெற்ற 10 பேரைச் சராசரியாக மூன்றரை ஆண்டு கழித்துச் சோதித்தது. ஒத்த நோயுள்ள மற்றவர்களைவிட அவர்கள் நினைவாற்றலில் குறைந்திருக்கவில்லை. நல்ல செய்திதான், ஆனால் பத்தே பேர்.

தலைவலி, தசை வலி, எழுந்ததும் சற்றுக் குழப்பம் ஆகியவை வழக்கம். சிகிச்சையை ஒட்டிய வாரங்களின் நினைவுகள் பலருக்கு மங்கும். சிலருக்கு அவை திரும்புவதே இல்லை. தேர்வு எழுதும் வயதில் இது சிறிய விலை அல்ல. பெற்றோரிடம் இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். தேறிய பிறகும் மருந்து தொடராவிட்டால் நோய் திரும்பும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் கண்ணில்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. ஓடக் கால் இருந்தது. காலில் விலங்கும் இருந்தது. அதே ஆண்டு மயக்கமில்லாத இ.சி.டி.யைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது. இரண்டுக்குமான பதில் பல ஆண்டு கழித்து ஒரே இடத்தில் எழுதப்பட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 95-ஆம் பிரிவில், சங்கிலியில் கட்டுவதையும் மயக்க மருந்தில்லாத இ.சி.டி.யையும் ஒரே பட்டியலில் வைத்துத் தடை செய்கிறது.

அதே பிரிவு 18 வயது நிரம்பாதவர்களுக்கு இ.சி.டி. கூடாது என்கிறது. ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது: சிகிச்சை தரும் மனநல மருத்துவர் அவசியம் என்று கருத வேண்டும், பாதுகாவலர் முழு விவரமும் அறிந்து சம்மதிக்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியம் முன்அனுமதி தர வேண்டும். அந்த வாரியத்தில் ஆறு பேர். மாவட்ட நீதிபதி நிலையில் ஒரு தலைவர், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர். மீதி இருவர், மனநோயை அனுபவித்தவர்களாகவோ, அவர்களைப் பராமரித்தவர்களாகவோ, அவர்களுக்கான அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். 1938-ல் ரோம் நகரத்து அறையில் இல்லாமல் போன ஆட்கள் இவர்கள். கட்டிலைச் சுற்றிச் சட்டமே கொண்டுவந்து நிறுத்திய ஆட்கள்.

ஆனால் இ.சி.டி.யை அவசரச் சிகிச்சையாகத் தரவும் இதே சட்டம் இடம் தரவில்லை. அனுமதிக் கடிதம் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும், தண்ணீர் இறங்காத அந்த மகளுக்கு ஒரு நாள் கழிகிறது. மனநல மருத்துவர்களின் கவலை இது, நியாயமான கவலை. காவலுக்கு நிறுத்தியவரே வழியை அடைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு வாரியமும் பிள்ளைகளின் மனுவை முதலில் எடுத்து, நாள் கடத்தாமல் முடிவு சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னாலும் உடனே சொல்ல வேண்டும்.

நாம் நிற்க வேண்டிய இடம்

தேவையில்லாத பிள்ளைக்கு ஒரு முறை வைத்தாலும் அது கொடுமை. தேவைப்படும் பிள்ளைக்குப் பயத்தால் மறுத்தாலும் அது கொடுமைதான். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கேள்வி கேட்கும் பெற்றோர். மருத்துவர் இ.சி.டி. என்று சொன்னால் எழுந்து ஓட வேண்டாம். தலையாட்டிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். மூளையழற்சி இல்லை என்று உறுதி செய்தீர்களா? எந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தீர்கள்? மயக்க மருத்துவர் இருப்பாரா? வாரியத்தின் அனுமதி வாங்கியாயிற்றா? நினைவாற்றலை எப்போது சோதிப்பீர்கள்? நல்ல மருத்துவர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார்.

பிள்ளையிடமும் சொல்லுங்கள், அவள் கேட்கும் நிலைக்கு வந்ததும். என்ன செய்தோம், ஏன் செய்தோம், இனி அவள் விருப்பம் என்ன என்று கேளுங்கள். கையெழுத்து சட்டப்படி உங்களுடையதாக இருக்கலாம், தலை அவளுடையது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடங்காத பிள்ளையிடம் "கரண்ட் வெச்சாத்தான் சரிப்படுவே" என்று இனி சொல்லாதீர்கள். எட்டு வயதில் அதைக் கேட்டு வளரும் பிள்ளை, பதினாறில் உண்மையிலேயே மனம் உடையும்போது வாய் திறக்காது. அப்படி ஒரு நாள் உங்கள் வீட்டில் வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம். எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள்.